வேலவனின் மூன்று வாழ்த்துகள்

சீனி வருத்தக்காரருக்குக் கேக் அனுப்புவது மடத்தனம் என்று நான் தம்பிக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அவன் கேட்பதில்லை. கனடாவில் இருப்பவர்களுக்குப் பரிசு என்றால் முதலில் கேக், பிறகு பூச்செண்டு, பிறகு பலூன். சாப்பிடக் கூடாத அம்மாவின் முன்னால் கேக்கை வைத்து, வெட்டச் சொல்லி, அதை வீடியோ எடுத்து அனுப்பிவிட்டால் மகனின் கடமை முடிந்தது. அந்தக் கேக்கை முடிப்பது நான்தான். எனக்குக் கேக் பிடிக்காது, ஐயா.

நான் சொல்லச் சொல்ல எழுதுவதாகப் பொலிஸ் சார்ஜன் ஐயா சொன்னார். அவருடைய கையெழுத்து அழகானது. ஆனால் நான் ஒரு வசனம் சொன்னால் அவர் அதைச் சுருக்கித் தன்னுடைய வசனமாக எழுதுகிறார். ஒருவருடைய சொல்லை இன்னொருவர் வாயில் போட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் நானே எழுதித் தருகிறேன்.

என் பெயர் சிவகௌரி. வீடு மீசாலையில். அப்பா அருளம்பலம் காலமாகிப் பல வருடங்கள். தம்பி கீர்த்திகன் ரொறொன்ரோவில் இருக்கிறான். நான் கொடிகாமத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். அம்மாவின் கால்விரலை எடுத்தபிறகு, பார்க்க ஆளில்லை என்று வேலையை விட்டேன். விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. விடவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை.

அம்மாவின் பெயர் பத்மாவதி. மூளை கடைசிவரை தெளிவு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மறதி வந்த கிழவியை ஏமாற்றிவிட்டேன் என்று தம்பி உங்களிடம் சொல்லியிருக்கிறானாம். அது அம்மாவுக்கு அவமானம். யார் உயிரோடு இருக்கிறார், யார் எவ்வளவு நகை போட்டுக் கலியாணம் செய்தார் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தலைகீழ்ப் பாடம்.

அம்மா தினமும் ஏழு மணிக்கு ஒரு நாடகம் பார்ப்பார். சென்னையில் எடுக்கிற தொலைக்காட்சி நாடகம். அதில் பிரணவ்ராஜ் என்று ஒரு நடிகர் வேலவன் என்கிற மகனாக வருகிறார். கையில் ஆயிரம் வேலை இருந்தாலும் தாயின் காலடியில் இருந்து கால் பிடித்துவிடுகிற மகன். அம்மா அதைப் பார்த்துக் கண்ணைத் துடைப்பார். அந்த நேரத்தில் அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டிருப்பது நான். "கொஞ்சம் தள்ளியிரு பிள்ளை, மறைக்குது" என்பார்.

எழுபத்தைந்தாவது பிறந்தநாளுக்குத் தம்பி புதுமையாக ஒன்று செய்தான். சர்ப்ரைஸ் டிலிவரி செய்கிற பெடியள் ஒரே நிறச் சட்டையோடு வாகனத்தில் வந்து இறங்கினார்கள். வழமையான கேக், வழமையான பலூன். பிறகு ஒருவன் பெரிய ஸ்கிரீன் ஒன்றை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தான். அதில் வேலவன்.

"பத்மாவதி அம்மா, எப்படி இருக்கீங்க? உங்க மகன் கீர்த்திகன் உங்களைப் பத்தி நிறையச் சொல்லியிருக்கார். நீங்க விரதமிருந்துதான் அவர் கனடா போய்ச் சேர்ந்தாராமே. உங்களை மாதிரி ஒரு அம்மா கிடைக்க அவர் குடுத்து வச்சிருக்கணும்."

இப்படியே ஒரு நிமிடம். முடிவில் அவருடைய கண் கலங்கியது. கையைக் கூப்பினார். அம்மாவும் ஸ்கிரீனைப் பார்த்துக் கையைக் கூப்பினார். பெடியள் அதை வீடியோ எடுத்தார்கள். என்னைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள், படத்தில் விழுகிறேனாம்.

அந்த வாழ்த்தில் என் பெயர் இல்லை. நான் தேடிப் பார்த்தேன், ஐயா. அம்மா அதைப் போட்டுப் போட்டுக் கேட்டதால் எனக்கும் பாடமாகிவிட்டது. எங்காவது "உங்க மகளும்" என்று ஒரு சொல் வருமா என்று கேட்டேன். வரவில்லை.

போன் அம்மாவின் தலையணைக்கடியில் கிடந்தது. காலையில் கண் விழித்ததும் வேலவன். ஊசி போடும்போது வேலவன். வருகிறவர் போகிறவர் எல்லோருக்கும் வேலவன். பக்கத்து வளவு இராசாத்தி மாமிக்கு அம்மா அதைக் காட்டிய நாளில் நானும் நின்றேன்.

"பாத்தனியே இராசாத்தி, உவன்ரை கண் கலங்கினதை? காசுக்கு உது வராது."

"அம்மா, உவர் நடிகர்" என்றேன். "அழுகிறதுதான் அவற்றை தொழில். தம்பி காசு கட்டி, என்ன சொல்லவேணுமெண்டு எழுதிக் குடுத்தவன். அவர் அதை வாசிச்சவர். அடுத்த நிமிசம் வேறை ஆருக்கோ கலியாண வாழ்த்துச் சொல்லியிருப்பார்."

"உனக்கு எரிச்சல்" என்றார் அம்மா. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. வெயிலாக இருக்கிறது என்பதுபோலச் சொன்னார்.

இராசாத்தி மாமி போகும்போது படலையடியில் என் கையைப் பிடித்தார். "முத்தத்து மல்லிகை மணக்காது, பிள்ளை. மனசிலை வைக்காதை. ஆனா ஒண்டு, செத்த வீட்டிலை காசுக்கு ஒப்பாரி வைக்க வாறவளும் சில நேரம் உண்மையா அழுதுபோடுவாள். ஆர் கண்டது?"

காசுக்கு வாங்கிய வாழ்த்து ஒரு பரிசாகுமா என்று நான் அந்த நாட்களில் நிறைய யோசித்தேன். ஆகாது என்பதுதான் என் முடிவு. சொல் தம்பியுடையது, அதைத் தட்டச்சு செய்ய அவனுக்கு ஐந்து நிமிடம் போதும். குரல் வாடகைக்கு. அம்மாவின் புண்ணைக் கழுவுகிற கை யாருடையது என்று அந்த நடிகருக்கும் தெரியாது, தம்பிக்கும் மறந்துவிட்டது. இதை அம்மாவுக்குப் புரியவைக்க வேண்டும் என்று விரும்பினேன். எனக்கு வேண்டியிருந்தது பெரிய விடயமல்ல. "கௌரி, நீ நல்லாப் பாத்தனி" என்று ஒரு தடவை. வீடியோ எடுக்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்போது கந்தசஷ்டி விரதம் பற்றிச் சொல்ல வேண்டும்.

உங்களுக்குத் தெரியாததில்லை. தீபாவளி கழிந்து ஆறு நாள். சிலர் இரவில் பாலும் பழமும் எடுப்பார்கள். அம்மா அந்த ரகமல்ல. முதல் நாள் ஒரு மிளகு, இரண்டாம் நாள் இரண்டு, அப்படியே ஆறாம் நாள் ஆறு மிளகு. மிச்சமெல்லாம் தண்ணீர். ஏழாம் நாள் காலையில்தான் பாறணைச் சாப்பாடு. தம்பி கொழும்பிலிருந்து வெளிக்கிட்டு வழியில் எங்கோ மாட்டுப்பட்டிருந்த காலத்தில் அம்மா அப்படிப் பிடித்தார். தம்பி போய்ச் சேர்ந்தான். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று நான் நினைக்கிறேன். அம்மா அப்படி நினைக்கவில்லை.

எனக்குப் பேசி வந்த சம்பந்தம் ஒன்று குழம்பியபோது, எனக்காகவும் ஒரு சஷ்டி பிடியுங்கோ அம்மா என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுக் கேட்டேன். "உனக்கென்ன, நீ வீட்டிலைதானே இருக்கிறாய்" என்றார். பிறகு சீனி வருத்தம் வந்தது, இன்சுலின் ஊசி வந்தது. விரதம் கூடவே கூடாது என்று கிளினிக் டொக்டர் கண்டித்துச் சொன்னார். அம்மா விட்டுவிட்டார். ஆனால் ஒவ்வொரு சஷ்டிக்கும் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டுப் பெருமூச்சு விடுவார்.

போன வருடம் தீபாவளிக்கு முன்னர் தம்பி பிடித்த அதே இணையப் பக்கத்துக்கு நான் போனேன். அதிலே நடிகர்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலவனைத் தெரிந்தெடுத்தேன். அனுப்புபவர் பெயரில் கீர்த்திகன் என்று போட்டேன். சொல்லவேண்டியதை எழுதினேன். இரண்டு நாளில் அம்மாவின் போனுக்கு வந்துவிட்டது.

"பத்மாவதி அம்மா, தீபாவளி வாழ்த்துகள். உங்க விரதத்துக்கு எவ்வளவு சக்தின்னு உங்க மகன் சொன்னார். இந்த வருஷம் எனக்காகவும் சஷ்டி இருப்பீங்களா? பாரணை பண்றதை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கேன். நான் பார்ப்பேன். யார் தடுத்தாலும் விட்டுடாதீங்கம்மா."

அந்தக் கடைசி வசனத்தை ஏன் எழுதினாய் என்று தம்பி உங்கள் முன்னால் கத்தினான். ஒரு வசனம் தனியாக நின்றால் அப்படித்தான் கேட்கும். என் எண்ணம் இதுதான்: அம்மா டொக்டரின் சொல்லை மீறமாட்டார். மீறினாலும் ஒரு நேரப் பட்டினியோடு முடித்துவிடுவார். அப்போது நான் சொல்வேன், "அம்மா, இதை எழுதினது நான். வேலவன் என்ரை சொல்லைத்தான் வாசிச்சவர். உங்களை அழ வைச்சதெல்லாம் இப்பிடித்தான்" என்று. அம்மா என்னைப் பார்ப்பார். இதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

அம்மா அந்த வீடியோவைப் பார்த்து முடித்ததும் கேட்ட முதல் கேள்வி, "வீட்டிலை மிளகு கிடக்கே?"

நான் தடுத்தேன். இராசாத்தி மாமியைக் கூப்பிட்டு, அவர் முன்னாலேயே தடுத்தேன். டொக்டர் சொன்னதை நினைவூட்டினேன். "ஆர் தடுத்தாலும் விடாதேங்கோ எண்டு பிள்ளை சொன்னது இதுக்குத்தான்" என்றார் அம்மா. வெள்ளிக் கிண்ணத்தில் மிளகைத் தானே தெரிந்தெடுத்து, ஆறு நாளுக்கும் எண்ணிப் போட்டுச் சாமிப்படத்தின் கீழ் வைத்தார்.

முதல் நாள் நான் ஊசி போடவில்லை. இரண்டாம் நாளும் போடவில்லை. இதை ஒளிக்கவேண்டிய தேவை எனக்கில்லை. சாப்பிடாமல் அந்த ஊசி போடக் கூடாது என்று மருந்துக்கடையில் நானே எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விரலை மடக்கிக் காட்டிச் சொல்லுவேன், சாப்பாடு இல்லையென்றால் ஊசியும் இல்லை என்று.

இரண்டாம் நாள் பின்னேரம் இராசாத்தி மாமி விபூதியோடு வந்தார். அம்மா களைத்திருந்தாலும் முகம் வெளிச்சமாக இருந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அம்மாவில் கண்டதில்லை.

"இராசாத்தி, எனக்கு இப்ப ரெண்டு பிள்ளையள். பெத்தது ஒண்டு, பெறாதது ஒண்டு" என்றார்.

நான் அம்மாவின் காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். இராசாத்தி மாமி என்னைப் பார்த்தார். நான் தொடர்ந்து தடவினேன். பாதி வேலையில் விட்டால் தோல் வெடிக்கும்.

மூன்றாம் நாள் காலையில் ஊசி போட்டேன்.

அளவைக் கூட்டவில்லை. கிளினிக்கில் எழுதித் தந்த அளவுதான். டொக்டர் ஊசியை நிறுத்தச் சொல்லவில்லை, விரதத்தைத்தான் நிறுத்தச் சொன்னார். டொக்டரின் சொல்லை மீறியது அம்மா. இப்படித்தான் நான் நெடுநாள் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்க்கும்போது அவ்வளவு நன்றாக இல்லை. இருந்தாலும் எழுதியதை வெட்டவில்லை.

அம்மா கையை நீட்டினார். ஏன் இரண்டு நாள் போடவில்லை, இன்றைக்கு ஏன் போடுகிறாய் என்று கேட்கவில்லை. அம்மாவின் ஒரு கண் போனில் இருந்தது.

முற்றத்தில் வெயில் ஏறியபோது அம்மாவுக்கு வியர்க்கத் தொடங்கியது. கை நடுங்கியது. சொல் குழறியது. அது என்னவென்று எனக்குத் தெரியும். நான் குசினிக்குப் போய்ச் சீனித் தண்ணீர் கரைத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஐயா. நான் கரைத்தேன். நன்றாகக் கலக்கி, அடியில் சீனி தங்காமல் கரைத்து, தம்ளரோடு வந்து கட்டிலில் இருந்தேன். அம்மாவின் தலையைத் தூக்கி என் தோளில் சாய்த்தேன்.

குடிக்கக் கொடுக்கும் முன் ஒன்று கேட்டேன்.

"அம்மா, நான் ஆர்?"

கஷ்டமான கேள்வியல்ல. எந்தத் தாயும் சொல்லக்கூடிய பதில். கௌரி என்றால் போதும். பிள்ளை என்றாலும் போதும். அம்மா என்னை நெடுநேரம் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிற தாதிமாரைப் பார்க்கும் மரியாதையோடு பார்த்தார்.

"மிஸ்ஸி" என்றார். "நீங்கள் மிஸ்ஸி."

என் தாய் என்னை நீங்கள் என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

நான் தலையைத் தலையணையில் வைத்தேன். கையில் தம்ளர் இருந்தது. விரதகாரருக்குச் சீனித் தண்ணீர் கொடுத்தால் விரதம் முறிந்துவிடும் என்று நினைத்தேன். நாக்குழறும் மனிதருக்குப் புத்தி அப்போது சரியாக இருக்காது, யாரையும் அடையாளம் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்தேதான் தெரிந்தது. அந்தச் சீனித் தண்ணீரை நான் குடித்தேன். காலையிலிருந்து நானும் ஒன்றும் சாப்பிடவில்லை.

பிறகு பக்கத்தில் இருந்தேன். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். தனியாக விடவில்லை. மூச்சு அடங்கியபிறகு அவருடைய மற்றக் கையை விரித்துப் பார்த்தேன். அன்றைக்குரிய மூன்று மிளகும் அதில் இருந்தன.

மரண விசாரணை அதிகாரி வந்தார். நான் தடுத்ததை இராசாத்தி மாமி சத்தியம் பண்ணிச் சொன்னார். சனத்துக்குப் பக்திதான் தெரிந்தது. சஷ்டியிலே போன உயிர், முருகன் காலடிக்குப் போயிருக்கும் என்றார்கள். தம்பிக்கு லீவு கிடைக்கவில்லை. செத்த வீட்டை அவன் வீடியோவில் பார்த்து அழுதான். கிண்ணத்தில் மிச்சமிருந்த மிளகை எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபிறகு ரசத்துக்குப் போட்டேன். வீணாக்கக் கூடாது.

எனக்குப் பயம் வந்தது அதற்குப் பிறகுதான். அம்மாவைப் பற்றிய பயமல்ல. வேலவனைப் பற்றி. நான் எங்கள் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன். ஆனால் எங்கள் ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அந்த நாடகம் ஓடுகிறது. ஏழு மணியானால் இடது பக்க வேலிக்குள்ளால் "அம்மா" என்கிறார், வலது பக்க வேலிக்குள்ளாலும் "அம்மா" என்கிறார். பிறகு நல்லெண்ணெய் விளம்பரத்திலும் வரத் தொடங்கினார். சாவகச்சேரிச் சந்தைக்குப் போகிற பஸ்ஸில் அவர் குரல். நான் பார்ப்பேன் என்று சொன்னவரல்லவா? பாறணை வீடியோ அவருக்கு இன்னும் போகவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். நிறுத்திய தொலைக்காட்சியின் கறுப்புக் கண்ணாடியை நான் துணியால் மூடி வைத்தேன். வந்து பார்த்தால் துணி இருந்தபடியே இருக்கும். அதுவே எனக்குப் பயமாக இருக்கும்.

இந்த முறை ஆண்டுத் திவசத்துக்குத் தம்பி வந்தான். மறுபடியும் சஷ்டிக் காலம்தானே, கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருந்தது. அம்மாவின் போனை எடுத்து, தான் அனுப்பிய வாழ்த்தைப் பார்க்கவேண்டும் என்றான். அதற்குக் கீழே மற்றதும் இருந்தது. பார்த்து முடித்துவிட்டு என்னிடம் வந்தான்.

"அக்கா, இது நான் அனுப்பேல்லை."

"ஓம், எனக்குத் தெரியும்" என்றேன். "இருந்து கதை. தேத்தண்ணி போடட்டே?"

அவன் இருக்கவில்லை. நேரே உங்களிடம் வந்துவிட்டான். நான் எதையும் மறுக்கவில்லை. வீடியோவை எழுதியது நான். ஊசி போட்டது நான். சீனித் தண்ணீரைக் கொடுக்காமல் விட்டதும் நான். அம்மாவைக் கொன்றாயா என்று நீங்கள் கேட்டால், ஓம். கீழே கையொப்பம் வைக்கிறேன்.

ஒரேயொரு வேண்டுகோள். என் போனைச் சாட்சிப்பொருள் என்று நேற்று எடுத்துக்கொண்டீர்கள். அதை ஏழு மணிக்கு மட்டும், நீங்கள் பக்கத்தில் நின்றே, ஒரு நிமிடம் தரவேண்டும். அதில் மூன்றாவது வாழ்த்து இருக்கிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கையோடு எடுப்பித்தது. அனுப்புபவர் பெயர் பத்மாவதி. நீங்கள் ஏற்கெனவே பார்த்திருப்பீர்கள்.

"கௌரி, அம்மா உங்கிட்ட சொல்லச் சொன்னாங்க. நீ இல்லேன்னா நான் எப்பவோ போயிருப்பேன். நீதான் என் பிள்ளை. நல்லாப் பார்த்துக்கிட்டே."

அதைக் கேட்டால் எனக்கு நித்திரை வருகிறது. வேறு எதற்கும் வருவதில்லை. நீங்கள் சிரிக்கலாம். இந்த அறிக்கையின் நடுவில் நான் என்ன எழுதினேன் என்பது எனக்கு மறக்கவில்லை. காசு கட்டியது நான்தான், அந்தச் சொற்களை எழுதியதும் நான்தான். அவர் வாசித்தார், அவ்வளவுதான்.

ஆனால் கடைசியில் அவருடைய கண்ணைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், ஐயா. கண் கலங்கச் சொல்லி நான் எழுதிக் கொடுக்கவில்லை.